மூலையில் தெரியும் நாலு விரல்

எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. என் அத்தா கட்டிய வீடு இது. படம் மாட்டிய வீட்டுக்குள் மலக்குகள் என்கிற வானவர்கள் வரமாட்டார்கள் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காலண்டர்கூட வெறும் எழுத்து மட்டும் போட்டதுதான்; அதுவும் சமையலறைக் கதவின் தாழ்ப்பாளில் தொங்கும். அவர் மவுத்தாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானும் ஆணி அடிக்கவில்லை. மனைவி இருந்தவரை சுவரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அவள் போன இந்த மூன்று வருஷமாகத்தான் அது எவ்வளவு பெரிய சுவர் என்று தெரிகிறது. மகள் சென்னையில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை வீடியோவில் வந்து, "சாப்டீங்களா அத்தா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன் என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான், அறுபத்தெட்டு வயதில், ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டுச் சுவர்களிலிருந்து படங்களைக் கழற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு, இங்கே கல்லூரியில் சரித்திரம் சொல்லித்தரும் பேராசிரியை ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. ஊர்களில் இருக்கிற பழைய போட்டோக்களையெல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். மாவட்டம் புதுசு என்றாலும் மனிதர்கள் பழையவர்கள் என்று காட்ட வேண்டும். அவருடைய மாணவர்கள் போய்க் கேட்டால் யாரும் கொடுக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்ற பயம். அதனால் என்னிடம் வந்தார். "நாப்பது வருஷம் ஜவுளி வித்தவங்க நீங்க. எந்த வூட்டுக் கதவத் தட்டினாலும் தொறப்பாங்க" என்றார். அது உண்மைதான். கல்யாணப் புடவையிலிருந்து கோடித் துணிவரை என் கடையில் எடுத்தவர்கள். கடையை மூடி நாலு வருஷமாகியும் 'ஜவுளிக்கடை பாய்' என்ற பெயர் மட்டும் மூடவில்லை.

நான் ஒப்புக்கொண்டதற்கு சரித்திரம் காரணமில்லை. என் அம்மாவின் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. அடுத்தவர்கள் எடுத்த ஏதாவது ஒரு படத்தில், ஏதாவது ஒரு கடைத்தெரு மூலையில், யாருக்கும் சம்பந்தமில்லாமல் அவள் நின்றுகொண்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. பேராசிரியையிடம் இதைச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட மதிலிலிருந்து குதித்து இடது கையை முறித்துக்கொண்டேன். கச்சிராயபாளையத்துப் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில், எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவர் இருந்தார். மூங்கில் பத்தைகளை அடுக்கி, முட்டை வெள்ளையில் நனைத்த துணியைச் சுற்றி, முழங்கையிலிருந்து விரல் அடிவரை விறைப்பாகக் கட்டிவிடுவார். வாரத்துக்கு ஒரு தடவை கட்டை மாற்ற வேண்டும். அத்தாவால் கடையை விட்டு வர முடியாது. அதனால் அம்மாதான் பஸ்ஸில் கூட்டிப்போவாள். வெளியே கிளம்பினால் அவளுக்குத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி. எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான். பஸ் ஜன்னல் வழியாக மலை கிட்டே வர வர, அம்மா துப்பட்டியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு பார்ப்பாள். அந்தப் பஸ் பயணத்தைத் தவிர அவள் தனியாக எங்கேயும் போனதில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, திரும்பி வந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஒரு மாடிப்படியில் ஏறினாள். மேலே போட்டோ ஸ்டுடியோ. உள்ளே ஒரு திரையில் மலையும் அருவியும் வரைந்திருந்தது. கல்வராயன் மலை என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அருவியடியில் ஓர் அன்னம். வரைந்தவனுக்குக் கழுத்து சரியாக வரவில்லை, ஒடிந்ததுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நம் மலையில் அன்னம் ஏது என்று அந்த வயதிலேயே எனக்குத் தோன்றியது. அம்மா துப்பட்டியைக் கழற்றி மடித்து நாற்காலிக்குப் பின்னால் வைத்தாள். இலைப்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். "கண்ண மூடிடாதடா" என்றாள். படியிறங்கும்போது, "அத்தாகிட்ட சொல்லக்கூடாது, இன்னா?" என்றாள். சரி என்றேன்.

அன்று மத்தியானமே சொல்லிவிட்டேன்.

ஏன் இவ்வளவு நேரமாச்சு என்று அத்தா கேட்டார். கேட்டது அம்மாவைத்தான். நான்தான் முந்திக்கொண்டு, "படம் புடிச்சோம்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். எங்கள் தெருவில் வேறு எந்தப் பையனும் படம் பிடித்துக்கொண்டதில்லை. அத்தா கத்தவில்லை. அவர் கத்துகிற ஆளும் இல்லை. மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் ஸ்டுடியோவுக்குப் போய், படத்தையும் நெகட்டிவ்வையும் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா என்னை அடிக்கவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த கைத்தூளியை அவிழ்த்து, புதிதாக முடிச்சுப் போட்டுக் கட்டினாள். "உன்கிட்ட ஒரு விஷயம் தங்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசிக் கட்டை அவிழ்க்க அத்தாவோடு போனேன். அதற்குள் அம்மா காய்ச்சலில் படுத்து, பத்தே நாளில் போய்விட்டாள். அவள் முகம் சில வருஷம் எனக்கு நினைவில் இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, வெள்ளைத் துப்பட்டியும், மருதாணி மங்கிப்போன விரல் நுனிகளும்தான் மிச்சம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பெற்ற தாயின் முகம் மறக்குமா என்பார்கள். மறக்கும்.

அத்தா தம்முடைய கடைசி வருஷத்தில் ஒரு நாள், நான் கேட்காமலே சொன்னார். "உங்கம்மா மவுத்தான நாப்பதாம் நாளு அந்த ஸ்டுடியோக்குப் போனேன். கிழிச்சிட்டன் பாய், நீங்கதான சொன்னீங்கன்னான். நானும் இன்னா சொல்றது? வந்துட்டேன்." இதைச் சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த மனிதரும் ஆணி இல்லாத இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் முப்பது வருஷத்துக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார்.

ஆக, என் தேடலுக்கு ஓர் அடையாளம் இருந்தது. வெள்ளைத் துப்பட்டி போட்ட பெண்கள் எந்தப் பழைய கடைத்தெருப் படத்திலும் நாலு பேர் இருப்பார்கள், எல்லோரும் ஒரே மாதிரி. ஆனால் பக்கத்தில் இடது கையைத் தூளியில் தொங்கவிட்ட பையன் நின்றால், அது அவள்தான். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நின்ற விதமாவது தெரியட்டும் என்று நினைத்தேன்.

பழைய மொபெட்டில் மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று சுற்றினேன். ஆற்றில் வெள்ளம் வந்தபோது எடுத்தது, தேரோட்டம், கரும்பாலைக்கு வண்டிகள் வரிசைகட்டி நின்றது, பஞ்சாயத்துக்கு ரேடியோ வந்தபோது ரேடியோவை நாற்காலியில் வைத்து மனிதர்கள் தரையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டது. எல்லாவற்றிலும் பேராசிரியைக்கு வேண்டியது நடுவில் இருக்கும். நான் ஓரத்தைத்தான் பார்ப்பேன். ஓரங்களில் நாய்கள் இருந்தன, சைக்கிள்கள் இருந்தன, கேமராவைப் பார்த்து விறைத்துப்போன பலகாரக்கடைக்காரர் இருந்தார்.

வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போய், ஒரு வீட்டில், ஜாகீர்தார்கள் மலையை ஆண்ட காலத்துப் படம் ஒன்று பார்த்தேன். நாற்காலிகளில் அஞ்சு பேர். அவர்களுக்கு முன்னால் மண்ணில் குந்தியிருக்கும் மலைக்காரர்கள் முப்பது பேருக்குக் குறையாது. பின்பக்கத்தில் அந்த அஞ்சு பேருடைய பெயரை மட்டும் மையில் அழகாக எழுதியிருந்தது. "இதுல உங்க ஆளு யாரு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "இதுல ஒருத்தரு" என்றார். எவர் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் கண்ணாடி போட்டு மாட்டி, துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

செத்துப்போனவர்களின் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் உயிரோடு இருக்கும்போது படமே எடுத்துக்கொள்ளவில்லை. கருமாதிக்கு வைக்க ஒரு படம் வேண்டுமே என்று அப்புறம் ஸ்டுடியோவுக்கு ஓடுவார்கள். ஏதாவது கூட்டத்தில் நிற்கிற படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, கோட்டு போட்ட ஓர் உடம்பில் ஒட்டி, வர்ணம் தீட்டிக் கொடுப்பார்கள். ஒரே கோட்டை, ஒரே கைக்கடிகாரத்தோடு, மூன்று ஊர்களில் மூன்று தாத்தாக்கள் போட்டிருப்பதை நான் பார்த்தேன். மூவருக்கும் மணி பத்து பத்து. தலையும் கிடைக்காத வீட்டுக்காரர்கள், சாடையாக இருக்கிற தம்பியையோ சித்தப்பாவையோ உட்காரவைத்து எடுத்து, பொட்டு வைத்து மாலை போட்டுவிடுவார்கள். ஒரு வீட்டில் அந்தத் தம்பி மாலை போட்ட தன் படத்துக்குக் கீழேயே இருபது வருஷம் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே இதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்தேன்.

நைனார்பாளையத்துக்கு ஒரு காலை வேளையில் போனேன். மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிற ஒரு சம்சாரி வீடு. அவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். என் கடையின் நீண்டகால வாடிக்கைக்காரர். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில், மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். பூவாடைக்காரி என்று பெயர். வீட்டில் கல்யாணம் காட்சி என்றால், முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைத்த பிறகுதான் மற்ற வேலை. இவர் ஒவ்வொரு தடவையும் அந்தப் புடவையை என் கடையில்தான் எடுப்பார். "எங்கம்மாவுக்கு ஒண்ணு குடுங்க பாய்" என்பார். வியாபாரி வாய் சும்மா இருக்காதே, "அம்மாவுக்கு இன்னா கலரு புடிக்கும்?" என்று கிண்டலாகக் கேட்பேன். அவர் கிண்டலை எடுத்துக்கொள்ளாமல், "அரக்கு" என்பார். தங்கைகளுக்கு, பிள்ளைகளுக்கு என்று எத்தனை கல்யாணம்! அத்தனைக்கும் அரக்குதான்.

"வாங்க பாய், வூடு தேடி வந்துக்கிறீங்க. இன்னா சேதி?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய படம் என்றேன். "படமா? எங்கம்மா படம் ஒண்ணுதான் இருக்குது" என்று மருமகளைக் கூப்பிட்டார். அவள் ஸ்டூல்மேல் ஏறிப் படத்தை இறக்கி, கண்ணாடியில் வைத்திருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் துடைத்துக் கொடுப்பார்கள்; கண்ணாடிப் பொட்டு போனால் கீழே வெறும் நெற்றி இருக்கும். இதில் பொட்டு போகவில்லை. படத்திலேயே வர்ணத்தில் வைத்த பொட்டு. மூக்குத்தியும் வர்ணத்தில். தலையில் வர்ணப் பூ. அந்தப் பூவுக்குக் கீழே காது மடல் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள் பாதி தெரிந்தன. எங்கள் வீட்டுப் பழைய பெண்கள் போட்டுக்கொள்வது.

அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "நெறைய நகை போட்டிருக்காங்களே" என்றேன். "பெரிய வூட்டுப் பொண்ணு பாய்" என்றார் சந்தோஷமாக.

வெளிச்சத்துக்காகப் படத்தை வாசல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். பின்னணி முழுக்கச் சாம்பல் பூசியிருந்தது. தோளுக்குப் பக்கத்தில் மட்டும் பூசாமல் விட்ட ஒரு துண்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து.

"அது பூ ஜாடி" என்றார் அவர். "மூலைல பாருங்க பாய். கீழ. அது நான்தான்."

"எது?"

"நாலு வெரலு தெரியுது பாருங்க, அம்மா மடிமேல. கைக்கொழந்த நான் அப்ப. சட்டைக் கையிகூட தெரியுது. எனக்கு ஆறு மாசம் ஆவறப்ப எங்கம்மா எறந்து பூட்டாங்க. மொகம் எனக்கு இன்னா தெரியும்? இதப் பாத்துதான் தெரியும். எங்கம்மாவும் நானும் ஒண்ணா இருக்கறது இது ஒண்ணுதான்."

சட்டைக் கை இல்லை அது. சுற்றிக் கட்டிய துணி; அதற்குள்ளிருந்து மூங்கில் பத்தையின் முனை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஆறு மாதக் குழந்தைக்கு அவ்வளவு நீள விரலும் கிடையாது. என் இடது கைச் சுண்டுவிரல் பிறவியிலேயே உள்பக்கமாக வளைந்தது. படத்தின் அந்த மூலையை நான் இடது கையால்தான் பிடித்திருந்தேன். கண்ணாடிக்கு மேலே என் சுண்டுவிரல். கண்ணாடிக்குக் கீழே, அரை விரற்கடை தள்ளி, அதே வளைவோடு இன்னொரு சுண்டுவிரல்.

முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அது அம்மா என்று என் விரல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இதைவிட ஒரு மகனுக்கு வேறு என்ன கேவலம் வேண்டும்? படத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் வந்ததால் என்று நினைத்து மருமகள் மோர் கொண்டுவந்தாள்.

"இத யார் எடுத்தது?" என்று கேட்டேன்.

"கள்ளக்குறிச்சில பெருசு பண்ணி வாங்கியாந்தாராம் எங்கப்பா. எங்க அத்தைகூட சொல்லும், சாடை கொஞ்சம் மாறித்தான் இருக்குதுன்னு. பெருசு பண்றப்ப அப்பிடித்தான் மாறும்னு ஸ்டுடியோக்காரன் சொன்னானாம்."

மோரைக் குடித்து முடிக்கிற நேரத்தில் நடந்தது முழுக்க எனக்குப் புரிந்துபோயிற்று. ஸ்டுடியோக்காரர் கிழிக்கவில்லை. மனசு வரவில்லையோ, சோம்பலோ. பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவர், கையில் ஒரு படமும் இல்லாமல், மாடியேறி வந்திருக்கிறார். சாடையாக ஒன்று இருக்கிறது என்று ஸ்டுடியோக்காரர் எடுத்துக் காட்டியிருக்கிறார். பையனை வெட்டி எறிந்து, அன்னத்தின் மேல் சாம்பல் பூசி, பொட்டும் பூவும் வைத்துக் கொடுத்திருக்கிறார். மடிமேல் இருந்த கையை மட்டும் எடுக்க முடியவில்லை. அத்தா போய்க் கேட்டபோது படம் கைமாறியிருக்கும். வாங்கிப் போனவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கட்டின மனைவியின் முகம் தெரியாதா? ஆறு மாதப் பிள்ளை வளர்ந்து கேட்டால் காட்ட ஒரு முகம் அவருக்கு வேண்டியிருந்தது.

'இது என் அம்மா' என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்தது. சத்தியமாக வந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. அறுபது வருஷமாக நான் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, என் அம்மா இங்கே மஞ்சளும் பூவுமாக இவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடிமேல் விரல் வைத்து, "சின்னப் புள்ளைல தெனம் இந்த வெரலத்தான் தொட்டுத் தொட்டுப் பாப்பேன் பாய்" என்றார். அவர் தொட்ட இடத்தில் கண்ணாடி மழுங்கியிருந்தது. நான் சொன்னால் அவருக்கு அம்மாவும் போய்விடும், அவள் மடியில் இருந்த கையும் போய்விடும். எனக்காவது மருதாணி விரல் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு அதுவும் இல்லை.

செல்போனில் படத்தை எடுத்துக்கொண்டேன். விவரம் எழுதுகிற நோட்டில், 'நைனார்பாளையம். விவசாயக் குடும்பத்துப் பெண்ணும் கைக்குழந்தையும்' என்று எழுதினேன். என் கையெழுத்து பார்க்கச் சகிக்கவில்லை.

பேராசிரியை கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மேல பூசியிருக்கற பெயிண்ட்ட எடுத்துட்டு, ஒரிஜினலா எப்பிடி இருந்திருக்கும்னு பாக்கலாங்க" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுக்காரங்க வருத்தப்படுவாங்க என்றேன். கண்காட்சியில் அது ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று நாளும் போனேன். முன்னால் ஒரு நாற்காலி கிடந்தது. சரித்திரத்தில் இந்தப் பாய்க்கு இவ்வளவு ஆர்வமா என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். நாலாம் நாள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். அப்புறம் என் செல்போனில் மட்டும்தான். கேஸ் பில்லுக்கும் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கும் நடுவில் அம்மா வருவாள். சுவரில் மாட்டலாமா என்று ஒரு நாள் சுத்தியலைக்கூட எடுத்தேன். அத்தாவின் வீடு. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

தை மாதம் சம்சாரி போன் செய்தார். பேத்திக்குக் கல்யாணம். "வெள்ளிக்கெழம பூவாடைக்காரிக்குப் படைக்கறோம். நீங்க வரணும் பாய். உங்க கடையில வாங்காம எங்கம்மாவுக்கு வெக்கிற மொத பொடவ. நீங்களே ஒண்ணு பாத்து எடுத்தாந்துடுங்க, உங்க கைதான் ராசி."

பஜாரில் என் கடைக்கு எதிர்க்கடையில் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று புடவை எடுத்தேன். அம்மாவுக்கு என்று நான் எடுத்த முதல் புடவையும் அதுதான். இத்தனை வருஷம் அவளுக்கு விற்றிருக்கிறேன், கொடுத்ததில்லை. இலைப்பச்சை. எதிர்க்கடைக்காரன் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "யாருக்கு பாய்?" என்று கேட்டான். தெரிஞ்சவங்களுக்கு என்றேன்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் சம்சாரி கொஞ்சம் தயங்கினார். "அரக்குதான பாய் வெப்போம்."

"படத்துல எல்லாம் கறுப்பாத்தான தெரியும். பச்சையாக்கூட இருக்கலாம் இல்ல? ஒரு தடவ பச்ச வைங்க" என்றேன்.

ஜவுளிக்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று வைத்தார்.

அன்று வானம் தெளிவாக இருந்தது. அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் வடமேற்கே கல்வராயன் மலை மங்கலாகத் தெரிந்தது. நான் வாசலில்தான் நின்றேன்; உள்ளே வாங்க என்றார்கள், பரவாயில்லை என்றேன். அங்கிருந்தே படம் நேராகத் தெரிந்தது. பச்சைப் புடவையைக் கொசுவிப் படத்துக்கு முன்னால் மனையில் வைத்து, பூச்சுற்றி, தலைவாழை இலை போட்டு, சோறு, சாம்பார், ஏழு வகைக் காய், வடை, பாயசம் என்று வரிசையாக வைத்தார்கள். கல்யாணப் பெண் விழுந்து கும்பிட்டாள். "கொள்ளு ஆயா, நல்லபடியா நடத்திக் குடு" என்று அவளுடைய அம்மா சொல்லிக்கொடுத்தாள். சம்சாரி கற்பூரம் காட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுபது வயது மனிதர். அவள் அவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. இந்தத் தடவை என்னிடம் தங்கிவிட்டது அம்மா என்று மனசுக்குள் சொன்னேன்.

படையல் முடிந்ததும், இலையில் வைத்ததை எல்லாம் ஒன்றாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, வீட்டில் உள்ள அத்தனை பேர் கையிலும் கொடுத்தார்கள். பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து வாங்கினார்கள். நானும் என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. மருமகள் பதறிப்போய், "இது வேணாங்க, இது சாமி முன்னாடி வெச்சது. உங்களுக்கு ஆவாதுன்னு படைக்கறதுக்கு மின்னாடியே தனியா எடுத்து வெச்சிட்டோம்" என்றாள்.

நாற்காலியும் முக்காலியும் போட்டு, எனக்கென்று தனி இலை விரித்து, மூடிவைத்திருந்த பாத்திரங்களிலிருந்து எடுத்துப் பரிமாறினாள். மரியாதைக்குச் செய்தது. இத்தனை வருஷத்தில் எந்த இந்து வீட்டிலும் எனக்கு இப்படித்தான் செய்திருக்கிறார்கள். நானும் அதை மெச்சித்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

"சூடா இருக்குதா பாய்?" என்று உள்ளேயிருந்து சம்சாரி கேட்டார். இருக்குது என்றேன். அந்த வீட்டில் அன்றைக்கு என் அம்மாவுக்கு முன்னால் வைக்காத சோற்றைச் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான்.